கிடங்கு வலை

ஏசி கழுவுவதில் ஒரு சுகம் இருக்கிறது ஐயா. கறுப்பாக ஓடுகிற தண்ணீர் கடைசியில் தெளியும்போது, இன்று உருப்படியாக ஏதோ செய்தோம் என்று இருக்கும். பதினெட்டு வருடமாக அதுதான் என் பிழைப்பு.

என் தங்கை புருஷனுக்கு ரத்தப் புற்றுநோய். மருந்து ஏற்றியதில் வெள்ளை அணுக்கள் அடியோடு குறைந்துவிட்டன. தூசி ஆகாது, பூந்தொட்டி ஆகாது, பூஞ்சை பக்கத்திலேயே வரக்கூடாது என்று டாக்டர் எழுதிக் கொடுத்திருந்தார். மாப்பிள்ளை அதைச் சுவரில் ஒட்டிவைத்துக்கொண்டு என் தங்கையை ஆட்டிப்படைத்தார். ஒரு நாளைக்கு மூன்று தடவை தரை துடைத்தாள்.

என்னை வாசலிலேயே நிறுத்துவார். "மச்சான், ஊர் அழுக்கெல்லாம் உங்க மேலதான் இருக்கு. அங்கேயே நில்லுங்க."

அழுக்கைப் பற்றி எனக்கே பாடம். சிரிப்புதான் வந்தது.

"ஏசிய மட்டும் அண்ணனே பாக்கட்டும். வேற யாரையும் நம்ப முடியாது" என்றாள் தங்கை. மாப்பிள்ளையும் சரியென்று தலையை ஆட்டினார்.

அந்த வாரம் மழைத்தண்ணீர் புகுந்த ஒரு தானியக் கிடங்கில் வேலை. அங்கிருந்த ஏசியின் வடிகட்டி வலை பச்சையாகப் பூஞ்சை பூத்துக் கிடந்தது. அதே அளவு. மாப்பிள்ளை அறையில் இருந்ததைக் கழற்றிவிட்டு அதை மாட்டி, மூடியைச் சாத்தினேன். நாலு நிமிட வேலை.

அந்தப் பூஞ்சையை நீங்களும் நானும் தினம் சுவாசிக்கிறோம். ஒரு தும்மல்கூட வராது. அவருக்கு மூன்றாம் வாரம் காய்ச்சல், அப்புறம் சளியில் ரத்தம். டாக்டர் ஆஸ்பெர்ஜில்லஸ் என்று ஏதோ சொன்னார், நுரையீரலில் இறங்கிவிட்டதாம். ஊதினால் பறக்கிற தூளைத் தாங்க முடியாத ஆளுக்கு எவ்வளவு அதிகாரம், பாருங்கள். ஒன்பது நாளில் போய்ச் சேர்ந்தார்.

"ஒரு மூலை விடாம தொடச்சேனே அண்ணே, எங்க தப்பு விட்டேன்?" என்று ஆஸ்பத்திரியில் தங்கை கேட்டாள்.

"உன் மேல ஒரு தப்பும் இல்லம்மா" என்றேன். உண்மையைத்தான் சொன்னேன்.

எங்கள் தொழிலில், கழுவிய வலை மாறிவிடக் கூடாதென்று அதன் பிளாஸ்டிக் சட்டத்தின் ஓரத்தில் தேதியும் இடமும் எழுதுவோம். போன வருடம் கிடங்கு வலையில் நானே எழுதியதை அழிக்க மறந்துவிட்டேன். அது என் மடத்தனம்.

ஏசியிலிருந்து வலையைக் கழற்றி உங்களிடம் கொடுத்தது என் தங்கைதான் என்கிறீர்கள். என் கையெழுத்து என்று தெரியாமல் கொடுத்திருப்பாள், பாவம். எழுதிக்கொள்ளுங்கள்: நான்தான் கொன்றேன், அவளுக்காகக் கொன்றேன். வெளியே உட்கார்ந்து அழுகிறாள் என்றீர்களே, உள்ளே அனுப்புங்கள். என்னைப் பார்த்தால் நிறுத்திவிடுவாள்.