ஒன்பதாம் வளைவின் மஞ்சள் கட்டை

இந்த நாற்காலிக்கு ஒரு கால் குட்டை, சார். பின்பக்க இடது கால். உட்கார்ந்ததுமே தெரிந்துவிட்டது. ஓர் அட்டையை நாலாக மடித்து அடியில் கொடுத்தால் ஆட்டம் நின்றுவிடும். இருபத்தாறு வருடமாக இதுதான் என் பிழைப்பு. எது மேடு, எது பள்ளம், எங்கே ஒரு நூல் ஏறியிருக்கிறது என்று பார்த்துக்கொண்டே இருப்பது. கார் பந்தயத் தளத்தின் பராமரிப்பு மேற்பார்வையாளர் என்று அடையாள அட்டையில் போட்டிருக்கும். தார் போடுவது, பெயிண்ட் அடிப்பது, வளைவுகளின் ஓரக்கல்லைச் சரிபார்ப்பது, எல்லாம் என் பொறுப்பு.

என் தங்கச்சியின் வீட்டுக்காரர் எழுதிக் கொடுத்த தாளைப் பற்றிக் கேட்கத்தான் என்னைக் கூப்பிட்டிருக்கிறீர்கள். பந்தயத்தின் கடைசிச் சுற்றில் எதிர் அணிக்கு ஓட்டிய பையனை வேண்டுமென்றே நெருக்கி வளைவோரக் கட்டை மேல் தள்ளினேன், அவன் சாவுக்கு நான்தான் காரணம் என்று மாப்பிள்ளை அதில் எழுதியிருக்கிறார். அவர் கையெழுத்துதான் அது. ஆனால் அதில் உள்ளது உண்மை இல்லை. அவர் பொய் சொல்கிறவரும் இல்லை. அவருக்கு ஒரு விஷயம் தெரியாது, அவ்வளவுதான்.

பந்தயம் பார்க்கிறவர்கள் ஓட்டுகிறவன் கையில்தான் எல்லாம் இருக்கிறது என்று நினைக்கிறார்கள். பாதிதான் சரி. மீதியைத் தளம் பார்த்துக்கொள்ளும். மாப்பிள்ளையின் கார் இளக்கமான ஸ்பிரிங் கொண்டது. தரையிலிருந்து கொஞ்சம் தூக்கலாக நிற்கும். மேடு பள்ளத்தை முழுங்கிக்கொண்டு போகும், குறுகிய வளைவுகளில் பூனை மாதிரி திரும்பும், நீளமான நேர்பாதை வந்தால் மட்டும் மூச்சு வாங்கும். எதிர் அணியின் கார் இதற்கு நேர்மாறு. தரையோடு தரையாக, விறைப்பாக ஓடும். வழவழப்பான தளத்தில் அதைப் பிடிக்க ஆளில்லை. மேடு வந்தால் அடிவயிறு இடிக்கும். அதனால் இந்த வருடம் முழுக்க, கரடுமுரடான தளங்களில் நாங்கள், வழவழப்பான தளங்களில் அவர்கள் என்று மாறி மாறி ஜெயித்துக்கொண்டு வந்தோம். ஏழு பந்தயம் முடிந்தபோது வித்தியாசம் நாலே புள்ளி. எட்டாவது, கடைசி, எங்கள் தளத்தில். யார் முன்னால் வருகிறாரோ பட்டம் அவருக்கு.

எங்கள் தளத்துக்குப் போன வருடம் புதுத் தார் போட்டது நான்தான். கண்ணாடி மாதிரி இருக்கிறது என்று எல்லோரும் பாராட்டினார்கள். மாப்பிள்ளை மட்டும் சிரித்துக்கொண்டே சொன்னார். "மச்சான், நீங்க யாருக்குச் சொந்தம்? பொண்ணு கட்டினது நானு, கம்பளம் விரிக்கிறது அவனுக்கா?"

"வேலைன்னா வேலை மாப்பிள்ளை. கார் ஓடலேன்னா காரைத் திட்டுங்க, ரோட்டைத் திட்டாதீங்க" என்றேன். இருவரும் சிரித்தோம்.

என் தங்கச்சி சிரிக்கவில்லை. இரண்டு வருடத்துக்கு முன்னால் மாப்பிள்ளைக்கு இடுப்பெலும்பு உடைந்தது. ஐந்து மாதம் படுக்கையில் கிடந்தவரைக் குளிப்பாட்டி, துடைத்து, தூக்கி உட்கார வைத்தவள் அவள். அப்போது அவள் மடியில் இரண்டு வயதுக் குழந்தை. பந்தய நாள்களில் அவள் டிவி போடமாட்டாள். வீட்டில் இருக்கிற பாத்திரத்தையெல்லாம் இறக்கிப் போட்டுத் தேய்ப்பாள். போன் அடித்தால் எடுக்கமாட்டாள், கை நடுங்கும். அப்பா போன பிறகு அவளை வளர்த்தது நான். அவள் கை நடுங்கினால் எனக்குச் சோறு இறங்காது.

மூன்று வருடம் தொடர்ந்து இரண்டாமிடம் வந்தவர் மாப்பிள்ளை. "ஒரே ஒரு பட்டம். வாங்கிட்டா ஹெல்மெட்டைப் பரண்ல போட்டுடுறேன், உன் மேல சத்தியம்" என்று என் முன்னால்தான் அவளுக்கு வாக்குக் கொடுத்தார். வாங்காவிட்டால் நிறுத்தமாட்டார். அது எங்கள் மூவருக்கும் தெரியும். கடைசிப் பந்தயத்துக்கு ஒரு வாரம் முன்னால் அவள் என்னைச் சமையலறைக்குக் கூப்பிட்டு, "அண்ணா, எப்படியாவது இதோட முடிஞ்சிடணும். இன்னொரு வருஷம் என்னால முடியாது" என்றாள். எப்படியாவது என்ற வார்த்தையை அவள் சும்மாதான் சொன்னாள். நான்தான் அதைச் சும்மா விடவில்லை.

ஒன்பதாம் வளைவைப் பற்றிச் சொல்ல வேண்டும். மெதுவான வளைவு. ஆனால் அதைத் தாண்டினால் தளத்திலேயே நீளமான நேர்பாதை. ஒன்பதிலிருந்து யார் வேகமாக வெளியே வருகிறாரோ அவருக்குத்தான் அந்த நேர்பாதை. வளைவின் உள்பக்கம் ஓரக்கல்லை ஒட்டி ஒரு மஞ்சள் கட்டை இருக்கிறது. குறுக்கே வெட்டிப் போகாமல் தடுப்பதற்காகப் போல்ட் போட்டு இறுக்கியது. அதன் ஓரத்தில் ஒரு சக்கரத்தை லேசாக ஏற்றினால் வளைவு கொஞ்சம் நேராகும், அரை நொடி மிச்சம். எல்லோரும் ஏற்றுவார்கள். எங்கள் கார் அதன் மேல் தாராளமாகப் போகும். எதிர் அணியின் கார் போகும்போது அடிவயிற்றுக்கும் கட்டைக்கும் நடுவே ஒரு விரல் அளவு சந்துதான் இருக்கும். அந்த விரலை எடுத்துவிட்டால் அவர்களுக்கு அந்த அரை நொடி கிடைக்காது.

வியாழக்கிழமை எல்லா ஓட்டுநர்களும் தளத்தை நடந்து பார்ப்பார்கள். அன்று எதிர் அணியின் பையன் வந்தான். இருபத்திரண்டு வயது. எங்கள் ஊழியர்கள் எல்லோரும் அவனைச் சின்னவன் என்றுதான் கூப்பிடுவார்கள். எல்லோரும் அளவுக் காகிதத்தைப் பார்ப்பார்கள், அவன் மட்டும் என் முகத்தைப் பார்ப்பான். "அண்ணே, கல்லு எல்லாம் எப்படி?" என்று கேட்டான்.

"எப்பவும் போலத்தான் தம்பி" என்றேன். அன்றைக்கு அது உண்மை.

வெள்ளிக்கிழமை அதிகாரிகள் வந்து அளந்து கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார்கள். சனிக்கிழமை தகுதிச் சுற்று முடிந்ததும், நல்ல வெயில் இருக்கும்போதே, நான் பெயிண்ட் டப்பாவோடு ஒன்பதாம் வளைவுக்குப் போனேன். டயர் கறையை மறைக்க ஒவ்வொரு சாயங்காலமும் பெயிண்ட் அடிப்பது வழக்கம். பெயிண்ட் டப்பா வைத்திருப்பவனை யாரும் எதுவும் கேட்கமாட்டார்கள். நாலு போல்ட்டைத் தளர்த்தி, பன்னிரண்டு மில்லிமீட்டர் தகடு இரண்டை அடியில் கொடுத்து, மறுபடி இறுக்கி, மேலே மஞ்சள் அடித்தேன். இருபது நிமிடம் ஆனது. வேலை சுத்தமாக இருந்தது.

யாருக்கும் அடிபட வேண்டும் என்று நான் நினைக்கவில்லை. ஒருமுறை இடித்ததும் பயந்து ஒதுங்கிவிடுவான், அரை நொடி போகும், அது போதும் என்று கணக்குப் போட்டேன். கணக்கில் ஒரு தப்பு இருந்தது. தனியாக வருகிற காரை வைத்து, ஒரு சக்கரம் ஏறுவதை வைத்துக் கணக்குப் போட்டேன். இரண்டு கார் அருகருகே வந்தால் உள்பக்கம் இருப்பவன் கட்டையின் ஓரத்தில் இல்லை, நடுவில் ஏற வேண்டியிருக்கும். இத்தனை வருடம் தளத்தில் இருந்துவிட்டு அதை நான் யோசிக்கவில்லை. யோசிக்கவில்லை என்றே எழுதிக்கொள்ளுங்கள்.

ஞாயிற்றுக்கிழமை நாலாவது சுற்றில் அவன் கார் கட்டையில் இடித்தது. ரேடியோவில் தன் அணியிடம், ஒன்பதில் கல் உயரமாக இருக்கிறது, யாராவது பாருங்கள் என்று சொன்னான். அணி கட்டுப்பாட்டு அறைக்குச் சொன்னது. கட்டுப்பாட்டு அறையிலிருந்து என் போனுக்கு வந்தது.

"ஒன்பதாவது வளைவுல கட்டை எதுவும் தூக்கிட்டு நிக்குதா சார்? அந்தப் பையன் கம்ப்ளைன்ட் பண்றான்."

நான் அப்போது ஒன்பதாம் வளைவிலிருந்து முப்பதடி தள்ளித்தான் நின்றுகொண்டிருந்தேன். மஞ்சள் நன்றாகத் தெரிந்தது. ஆமாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் கொடி காட்டி எல்லோரையும் மெதுவாக்கியிருப்பார்கள். பத்து நிமிடத்தில் சரிசெய்திருக்கலாம்.

"எப்பவும் போலத்தான் இருக்கு" என்றேன்.

அதன் பிறகு பதினெட்டுச் சுற்று நான் நினைத்தபடியே நடந்தது. சின்னவன் கட்டையை விட்டு ஒதுங்கி ஓட்டினான், கொஞ்சம் கொஞ்சமாக நேரத்தை இழந்தான். மாப்பிள்ளை அவனைப் பிடித்து முன்னால் போய்விட்டார். கடைசிச் சுற்றில் ஒன்பதாம் வளைவுக்கு மாப்பிள்ளை முன்னால், அவன் பின்னால். அவனுக்கு வேறு வழி இல்லை, உள்பக்கம் நுழைந்தான். மாப்பிள்ளை கதவைச் சாத்தினார், அதாவது காரை உள்பக்கம் திருப்பி வழியை அடைத்தார். பட்டத்துக்கு ஓட்டுகிற எவரும் செய்கிற காரியம்தான், விதிக்குள் உள்ளதுதான். வழக்கமான கட்டையாக இருந்திருந்தால் அந்தக் கார் குலுங்கி, சறுக்கி, மண்ணில் போய் நின்றிருக்கும். அது எழும்பியது. வேலிக்கு மேலே போனதை நான் பார்த்தேன். சத்தம் பிறகுதான் வந்தது.

முதலில் ஓடிப் போனது நான். மீட்பு வண்டிக்கு வழி விட வேண்டும் என்று உடைந்த கட்டையைக் கழற்றினேன். தகடுகள் என் கருவிப் பைக்குள் போயின. சின்னவன் மூன்றாம் நாள் ஆஸ்பத்திரியில் இறந்தான்.

பத்து நாள் கழித்து அவன் அம்மா வந்தார். இடத்தைப் பார்க்க வேண்டும் என்றார். நான்தான் கூட்டிக்கொண்டு போனேன். புதுக் கட்டை போட்டு அன்று காலைதான் பெயிண்ட் அடித்திருந்தேன். அவர் குனிந்து அதைத் தொடப் போனார். "ஈரம் காயலைம்மா, கையில ஒட்டிக்கும்" என்றேன். பரவாயில்லை என்று தொட்டார். உள்ளங்கை முழுக்க மஞ்சள். அந்தக் கையாலேயே முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதார். டர்பன்டைன் கொண்டுவரப் போகிறேன் என்று சொல்லிவிட்டு ஸ்டோருக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு நானும் அழுதேன், சார். பெற்ற பிள்ளை போன மாதிரி அழுதேன். அழுகை பொய் இல்லை.

மாப்பிள்ளைக்குப் பட்டம் கிடைத்தது. கோப்பை இன்னும் பெட்டியைவிட்டு வெளியே வரவில்லை. அவர் வீட்டிலேயே இருக்கிறார். ஷேவ் செய்வதில்லை. குழந்தை மடியில் ஏறினால் இறக்கி விடுகிறார். என் தங்கச்சி பக்கத்தில் உட்கார்ந்து ஊட்டினால் இரண்டு வாய் சாப்பிடுகிறார். நான் தினமும் சாயங்காலம் போகிறேன். தினமும் அதே கேள்விதான்.

"மச்சான், உங்களுக்குத்தான் தெரியும். மறைக்காம சொல்லுங்க. அந்தக் கட்டை சரியாத்தானே இருந்துச்சு?"

"எப்பவும் போலத்தான் இருந்துச்சு மாப்பிள்ளை."

"அப்போ நான்தான்" என்பார். பிறகு சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். ஐந்து மாதமாக இப்படித்தான்.

போன வாரம் தங்கச்சி என்னை வாசல் வரை வழியனுப்ப வந்தாள். "அவர் உடம்பு வீட்டுல இருக்கு, அவரு இல்லண்ணா" என்றாள். ஆனால் ஒன்றைக் கவனித்தேன். அவள் கை நடுங்கவில்லை.

அவர் உங்களிடம் வந்து இப்படி எழுதிக் கொடுப்பார் என்று நான் எதிர்பார்க்கவில்லை. அவர் ஜெயிலுக்குப் போனால் நான் செய்ததற்கெல்லாம் அர்த்தமே இல்லாமல் போய்விடும். அதனால்தான் வந்திருக்கிறேன். இந்தப் பையில் அந்த இரண்டு தகடுகள் இருக்கின்றன. ஓரத்தில் மஞ்சள் பெயிண்ட் ஒட்டியிருக்கும், பாருங்கள். கட்டையை உயர்த்தியது நான். கேட்டபோது பொய் சொன்னது நான். அந்தப் பையனைக் கொன்றது நான். எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன். மாப்பிள்ளையின் தாளை நீங்கள் கிழித்துவிடலாம்.

ஒரே ஒரு உதவி கேட்கிறேன். அடுத்த வருடப் பந்தயங்களுக்குப் பெயர் கொடுக்க வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஐந்து மணி வரை நேரம் இருக்கிறது. அவருடைய அணி அனுப்பிய விண்ணப்பம் கையெழுத்து இல்லாமல் அவர் மேசை மேல்தான் கிடக்கிறது. இன்று செவ்வாய். இன்னும் மூன்று நாள், அவருக்கு மட்டும் தெரிய வேண்டாம். தன் மேல் தப்பில்லை, பட்டமும் என் கட்டையால் வந்ததுதான் என்று தெரிந்தால், அந்தப் பட்டத்தைக் கணக்கில் வைக்காமல் மறுபடி எழுந்து ஓட்டப் போய்விடுவார், சார். என் தங்கச்சி தாங்கமாட்டாள்.