பொம்மையின் அடியில் பெயர் இல்லை

பழைய பிளாஸ்டிக் பொம்மை கையில் கிடைத்தால் முதலில் முகத்தைப் பார்க்கக் கூடாது. தலைகீழாகத் திருப்பி அடியைப் பார்க்க வேண்டும். செய்தவர் பெயர் இருந்தால் அங்கேதான் இருக்கும். எனக்கு அது பழக்கமாகிவிட்டது. சாப்பாட்டுக் கடையில் தண்ணீர்க் குவளையைக்கூடத் திருப்பிப் பார்ப்பேன். சற்று முன் நீங்கள் தேநீர் கொடுத்த குவளையையும் பார்த்தேன், சார்ஜன். தவறாக நினைக்காதீர்கள்.

வாக்குமூலத்தைச் சொந்த வார்த்தையில் எழுதித் தரச் சொன்னீர்கள். எழுதுகிறேன்.

என் பெயர் சுகுமாறன். வயது இருபத்தாறு. பகலில் கிள்ளானில் ஒரு கப்பல் சரக்கு அலுவலகத்தில் வேலை. செவ்வாய், வியாழன் மாலைகளில் பிரிக்பீல்ட்ஸில் ஒரு மாடி அறையில் பிளாஸ்டிக் வார்ப்பு படிக்கிறேன். வகுப்பில் குறிப்பேடு எழுதச் சொல்வார்கள். மற்றவர்கள் வகுப்பு நாளில் மட்டும் எழுதுவார்கள். நான் தினமும் எழுதுகிறேன். ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் உறுதி, அநேகமாக, தெரியாது என்று மூன்றில் ஒன்றைக் குறித்து வைப்பேன். குறிப்பேடு இப்போது உங்கள் மேசையில் இருக்கிறது. புரட்டினால் 'உறுதி' அதிகம் இருக்காது. நான் எதையும் சீக்கிரம் நம்புகிறவன் இல்லை, என்னையும் சேர்த்து.

ஞாயிற்றுக்கிழமைகளில் பழைய பொருள் விற்கும் பாசாரில் பொம்மை தேடுவேன். மிட்டாய் பாக்கெட்டோடும் பால்மாவு டின்னோடும் ஒரு காலத்தில் இலவசமாக வந்த சின்ன உருவங்கள். சிப்பாய், மாடு, தபால்காரர். எந்த ஊரில், யார் செய்தார்கள் என்று கண்டுபிடிப்பதுதான் வேலை. இதற்கென்று எங்களுக்கு ஒரு குழு உண்டு. இருபது பேர் இருப்போம். அதில் மூத்தவர் வீரசிங்கம் அங்கிள், ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்றவர். அவர் தலையாட்டினால்தான் எதுவும் முடிவாகும்.

நான் முதலில் ஒரு யானையைக் கொண்டுபோய் இத்தாலி என்றேன். அது ஹாங்காங். அடுத்து ஒரு குதிரை வீரனை இங்கிலாந்து என்றேன். அதுவும் ஹாங்காங். வீரசிங்கம் அங்கிள் எல்லார் முன்னாலும் சிரித்தார்.

"தம்பி எந்த நாட்டைச் சொன்னாலும் நாம ஹாங்காங்னு எழுதிக்கலாம் லா. வேலை மிச்சம்."

அதற்குப் பிறகு என் பெயரே ஹாங்காங் ஆகிவிட்டது. "என்ன ஹாங்காங், சாப்டாச்சா?" "ஹாங்காங்குக்கு ஒரு தே தாரேக் சொல்லு." நானும் சிரித்தேன். சிரித்தேன் என்று குறிப்பேட்டில் எழுதியிருக்கிறேன்.

போன வருடம் மார்ச் மாதம் ஒரு பெட்டியின் அடியில் அந்தப் பெண் கிடைத்தாள். பால் மரம் சீவும் பெண், ரப்பர் தோட்டத் தொழிலாளி. ஆறு சென்டிமீட்டர் உயரம், வெளிறிய மஞ்சள் நிறம். தலையில் துணி, தோளில் காண்டா கம்பு, கம்பின் இரு முனையிலும் பால் வாளி. பாரத்தில் இடது தோள் சற்று இறங்கியிருந்தது. ஹாங்காங்கில் ஒருவன் அந்தத் தோளைச் செய்திருக்க முடியாது. திருப்பிப் பார்த்தேன். அடியில் பெயர் இல்லை. மூன்று வட்டத் தடங்கள் மட்டும் இருந்தன.

வார்ப்பு ஆறியதும் மெஷினின் ஊசிகள் பொம்மையை அச்சிலிருந்து வெளியே தள்ளும். அவை பட்ட இடத்தில் வட்டத் தடம் விழும். கிள்ளானில் மேரு சாலைப் பக்கம் முன்பு ஒரு சிறிய தொழிற்சாலை இருந்தது. அன்னாசிப் பழம்தான் அதன் முத்திரை. அன்னாசி போட்ட பொம்மைகள் என்னிடம் பதினொன்று இருந்தன. நான்கு மாதம் அளந்தேன். எல்லாவற்றிலும் அதே மூன்று தடம், அதே இடைவெளி. இந்த நாட்டிலேயே செய்யப்பட்ட பால் மரப் பெண் என்று எழுதினேன். பக்கத்தில் 'உறுதி' என்று குறித்தேன். அந்த வருடத்தின் ஒரே 'உறுதி' அது.

வீரசிங்கம் அங்கிள் தாமே அளந்து பார்த்துவிட்டு என் கையைக் குலுக்கினார். "இனிமே உன்னைக் கிள்ளான்னுதான் கூப்பிடணும்," என்றார். குழு பிரிக்பீல்ட்ஸில் ஒரு கண்காட்சி வைத்தது. அவளைக் கண்ணாடிப் பெட்டியில் நடுவில் நிற்க வைத்தார்கள். கீழே ஓர் அட்டை. "பால் மரம் சீவும் பெண். அன்னாசித் தொழிற்சாலை, கிள்ளான். அடையாளம் கண்டவர்: சுகுமாறன்." நான் தினமும் போய் அந்த அட்டையைப் படித்தேன்.

இரண்டாவது வாரம் ஒரு போன் வந்தது.

"டேய், நீதான் சுகுமாறனா?"

ஆமாம் என்றேன்.

"என் புருஷன் செஞ்ச பொம்மைக்கு உன் பேரப் போட்டு வச்சிருக்கியாமே. வெக்கமா இல்ல?"

அதுதான் இராஜம்மா. கிள்ளானில் ஓர் அடுக்குமாடியில் தனியாக இருந்தவர். பக்கத்து வீட்டு வாணி கண்காட்சிப் படத்தை போனில் காட்டியிருக்கிறார். நான் பொறுமையாக விளக்கினேன். அட்டையில் நான் செய்ததாக எங்கும் இல்லை, அடையாளம் கண்டதாகத்தான் இருக்கிறது என்றேன்.

"என்னத்தக் கண்ட? அதுல நிக்கிறது நான்டா. கேரி தீவுத் தோட்டத்துல காண்டா தூக்குன தோளு இது. வந்து பாரு, அப்புறம் அடையாளம் காணு."

செவ்வாய்க்கிழமை அரை நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு மதியம் போனேன். இந்தத் தேதி உங்களிடம் இருக்கிறது.

அவர் கணவர் பெயர் தம்புசாமி. அன்னாசித் தொழிற்சாலையில் அச்சுகளைப் பழுது பார்த்தவர். கல்யாணமான வருடம் மிச்சமான இரும்பில் வீட்டிலேயே ஓர் அச்சைக் குடைந்திருக்கிறார். தொழிற்சாலை மெஷினில், சாப்பாட்டு நேரத்தில், யாருக்கும் தெரியாமல் நாற்பது பொம்மை வார்த்திருக்கிறார். கல்யாண வீடுகளில் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிட்டார்களாம். மெஷின் தொழிற்சாலையுடையது. அதனால் ஊசித் தடம் ஒத்துப்போனது. நான் அளந்தது எல்லாம் சரி. செய்தவர் மட்டும் தவறு.

இது மூன்றாவது தடவை என்று நினைத்தேன். வேறொன்றும் நினைத்ததாக ஞாபகம் இல்லை.

அட்டையில் தம்புசாமி பெயர் வர வேண்டும் என்றார். கண்காட்சி முடிந்ததும் பார்க்கலாம் என்றேன். முடிவதற்கு முன்னால் வர வேண்டும் என்றார்.

"நாப்பது வருசம் அடுத்தவன் அச்சையே துடைச்சிட்டுச் செத்தாரு. சொந்தமா செஞ்சது இது ஒண்ணுதான். அதையும் நீ தூக்கிட்டுப் போயிடுவியா?"

"ஆதாரம் வேணும் ஆன்டி. சொன்னா மட்டும் குழுவுல ஏத்துக்க மாட்டாங்க."

"அச்சு இருக்கு. பாதி அச்சு. அந்தா, அலமாரி மேல. நாளைக்கி நானே தூக்கிட்டு வந்து உங்க பெரிய மனுசன் முன்னால வைக்கிறேன். உன் மூஞ்சி எப்படிப் போகுதுன்னு பாக்கணும்."

நான் எடுத்துத் தருகிறேன் என்றேன். என்னைக் கை வைக்க விடவில்லை. "திருட்டுப் பயகிட்ட சாவியக் கொடுப்பாங்களா?" என்றார். ஏறி நிற்க ஸ்டூல் கேட்டார். சமையலறையில் இரண்டு பிளாஸ்டிக் ஸ்டூல்கள் இருந்தன, ஒன்று சிவப்பு, ஒன்று நீலம். பழக்கம் காரணமாக இரண்டையும் திருப்பிப் பார்த்தேன். நீலம் நன்றாக இருந்தது. சிவப்பின் ஒரு கால் சேரும் இடத்தில் வெள்ளைக் கோடு ஓடியிருந்தது. பிளாஸ்டிக் உள்ளே முறியத் தொடங்கினால் அப்படித்தான் வெளுக்கும். வகுப்பில் மூன்றாவது பாடம்.

சிவப்பை வைத்தேன். "ஏறுங்க ஆன்டி, நான் புடிச்சுக்கிறேன்," என்றேன்.

முதலில் உங்களிடம் ஸ்டூல் வழுக்கியது என்று சொன்னேன். அது சரியில்லை. வெறுமனே ஏறி நின்றபோது ஸ்டூல் தாங்கியது. அச்சைத் தூக்கி நெஞ்சோடு அணைத்தபோது கால் முறிந்தது. அச்சு ஐந்து கிலோவுக்குக் குறையாது. நான் பிடித்திருக்கவில்லை.

அவர் பக்கவாட்டில் விழுந்தார். இடுப்பு என்று நினைக்கிறேன். எழ முடியவில்லை, ஆனால் பேச்சு தெளிவாக இருந்தது. ஆம்புலன்ஸைக் கூப்பிடச் சொன்னார். நான் நீல ஸ்டூலில் உட்கார்ந்தேன். முதலில் அட்டையைப் பற்றிப் பேசி முடித்துவிடலாம் என்றேன்.

என்னைத் திட்டினார். என் அம்மாவையும் திட்டினார். வாணியைக் கூப்பிட்டுக் கத்தினார். வாணி பந்திங் ஊரில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போயிருக்கிறார், வெள்ளிக்கிழமைதான் வருவார் என்று பேச்சுவாக்கில் அவரே எனக்குச் சொல்லியிருந்தார். நான் அதை நினைவுபடுத்தினேன். அவருடைய போன் மேசையில் இருந்தது. அதை எடுத்துக் குளிர்சாதனப் பெட்டியின் மேல் வைத்தேன். ஜன்னலைச் சாத்தினேன்.

அச்சைத் துணியில் சுற்றி என் பையில் வைத்தேன். வைப்பதற்கு முன் வெளிச்சத்தில் ஒருமுறை பார்த்தேன். தலைத் துணியின் மடிப்பு, வாளியின் விளிம்பு, இறங்கிய தோள் எல்லாம் குழிவாக இருந்தன. மிகவும் நல்ல வேலை. மறுநாள் அதைப் பழைய இரும்புக் கடையில் போட்டேன். எந்தக் கடை என்று ஏற்கெனவே சொல்லிவிட்டேன்.

வெளிக் கம்பிக் கதவைப் பூட்டியது நான்தான். சாவியை என் பையிலிருந்து எடுத்தீர்கள். மின்தூக்கிக் கேமராவில் தெரிவதும் நான்தான். 5.10 ரயிலைப் பிடித்து வகுப்புக்கு நேரத்தோடு போனேன். வியாழக்கிழமையும் போனேன். வருகைப் பதிவில் இருக்கும். வியாழன் மாலைவரை அவருக்கு உயிர் இருந்திருக்கலாம் என்று மருத்துவர் சொன்னதாகச் சொன்னீர்கள். அன்று வகுப்பில் கேட்ட கேள்விகளுக்கு நான் நன்றாகப் பதில் சொன்னேன்.

ஆத்திரத்தில் செய்தாயா என்று கேட்டீர்கள். இல்லை. அவர் மேல் எனக்குக் கோபமே இல்லை. தெரிந்ததைச் சொன்னார். அவ்வளவுதான்.

அவர் கடைசியாக என்ன பேசினார் என்றும் கேட்டீர்கள். நான் கிளம்பும்போது திட்டுவதை நிறுத்தியிருந்தார். அதுவரை டேய் என்றவர் சாமி என்று கூப்பிட்டார்.

"சாமி, என்னை விடு. அவரு பேர மட்டும் போட்டுடு. போடுறேன்னு ஒரு வார்த்த சொல்லிட்டுப் போ."

நான் குனிந்து, திங்கட்கிழமை அட்டையில் தம்புசாமி என்று மாற்றிவிடுகிறேன் ஆன்டி, வீரசிங்கம் அங்கிளிடம் நானே சொல்கிறேன் என்றேன். எழுத்துக் கூட்டிச் சொல்லச் சொன்னார். சொன்னேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு, "நல்லா இருப்ப," என்றார்.

அட்டையை மாற்றவில்லை. மாற்றும் எண்ணமும் இல்லை. ஆனால் அது அவருக்குத் தெரியாது. அந்த இரண்டு நாளும் கணவர் பெயர் ஏறிவிட்டது என்ற நினைப்போடுதான் அவர் தரையில் கிடந்திருப்பார். அவ்வளவு வருடம் யாரும் அவருக்குக் கொடுக்காத நிம்மதி அது. அதைக் கொடுத்தது நான்தான், சார்ஜன். இதில் எனக்குச் சந்தேகம் இல்லை.