சிவப்புப் பட்டை

எனக்குச் சிவப்பு நிறம் ஒத்துவராது, ஐயா. சட்டையில்கூட எடுக்கமாட்டேன். இந்தச் சின்ன விஷயத்திலிருந்து தொடங்கினால்தான் மற்றது உங்களுக்கு விளங்கும்.

பதுளை பஸ் நிலையத்துக்கு எதிரே, மாடியில் என் கடை. இணையத்தளம் செய்து கொடுக்கிறேன். பார்க்கவும் லட்சணமாக இருக்க வேண்டும், வேலையும் செய்ய வேண்டும். இரண்டையும் ஒத்துப்போக வைக்கத் தெரிந்தவன் என்று எனக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு.

நமுனுகுலப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டம் என்னைக் கூப்பிட்டது. தோட்டத்தை நடத்தும் துரைக்கு, பங்களாவில் சுற்றுலாப் பயணிகள் வந்து தங்க வேண்டும். லயத்து வரிசைவீடுகளில் இருக்கும் தொழிலாளர் சனத்துக்கு மண்சரிவு எச்சரிக்கை வேண்டும். இரண்டும் ஒரே தளத்தில். மழைமானி பார்க்கும் ரெங்கம்மா முன்பெல்லாம் அளவு கூடினால் தகரத்தைத் தட்டுவாராம், லயமே கோயிலுக்கு ஏறிவிடுமாம். தளம் வந்ததும் தகரம் நின்றது. அவர் போனில் அளவைப் பதிந்தால் பக்கத்தின் உச்சியில் சிவப்புப் பட்டை வரும். சனம் காலையில் வேலை பிரிக்கும் பெரட்டுக்குப் போகுமுன் பார்த்துக்கொள்ளும்.

அத்தனை அழகான தேயிலைப் பச்சைக்கு மேல் சிவப்பு! பட்டையை இளம்பச்சையாக்கி, படங்களுக்கு அடியில் இறக்கிவிட்டேன். ரெங்கம்மா அழைத்தார்.

“பட்டையக் காணோமே சார். கீழ தள்ளித் தள்ளிப் பார்க்க வேண்டியிருக்கு. டேட்டா முடிஞ்சிருதுங்க.”

“பழகீடும் அக்கா,” என்றேன். அன்பாகத்தான் சொன்னேன்.

பங்களா திறப்பு விழாவன்று நல்ல மழை. கொழும்பு விருந்தினர் பெரிய திரையில் தளத்தைப் பார்க்கவிருந்தார்கள். காலை ஏழே காலுக்கு ரெங்கம்மா பதிந்த அளவு என் போனுக்கு வந்தது. நூற்று அறுபது மில்லிமீற்றர். நூற்றைம்பதைத் தாண்டினால் வெளியேற வேண்டும் என்று எனக்குத் தெரியும். தளத்தில் அந்த வசனத்தை எழுதியவனே நான்தான். விருந்தினர் பார்த்து முடிக்கட்டும் என்று ஒரேயொரு மணித்தியாலம் பட்டையை அணைத்துவைத்தேன். பதிந்தாயிற்றே என்று ரெங்கம்மா தகரத்தைத் தேடவில்லை. போனில் ஒன்றுமில்லை என்று சனம் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்தது. எட்டு மணிக்கு மேட்டு லயம் சரிந்தது. விருந்தினருக்குத் தளம் நன்றாகப் பிடித்திருந்தது.

அணைத்தது நான்தான், ஐயா. மறைக்க ஒன்றுமில்லை. மனம் கேட்காமல், இறந்தவர்களுக்கு ஒரு நினைவுப் பக்கமும் இலவசமாகச் செய்து கொடுத்திருக்கிறேன். வரிசைக்கு மூன்று படம். பதினொரு பேர் என்பதால் கடைசியில் ஒரு கட்டம் வெறுமையாக நிற்கிறது. ரெங்கம்மா மழைமானியடியில் நின்றதால் தப்பிவிட்டார். அந்த வெற்றுக் கட்டம்தான் இன்னும் என் கண்ணை உறுத்திக்கொண்டே இருக்கிறது.