மறைந்த ஆண்டு

இணையதளம் கட்டுவது பெரிய வித்தை ஒன்றும் இல்லை, சார். பொறுமை இருந்தால் யார் வேண்டுமானாலும் ஒரு வாரத்தில் கட்டிவிடலாம். நான் அச்சகத்தில் பக்கம் வடிவமைப்பவன். எனக்கு நான்கு நாள்தான் ஆயிற்று.

மச்சான் என்று நான் சொல்வது என் மனைவியின் அண்ணனை. நில அளவையாளராக இருந்து ஓய்வு பெற்றவர், தனி ஆள். புனைபெயரில் ஏழு நாவல்கள் எழுதி, ஏழையும் தானே அச்சிட்டார். விற்றது போக மீதி என்பார்கள். அவர் விஷயத்தில் மீதி போக விற்றது என்றுதான் சொல்ல வேண்டும். எங்கள் வீட்டு மாடியில் அவர் இருந்த அறையில் கட்டில் போக மற்ற இடமெல்லாம் புத்தகப் பெட்டிகள். அவருக்கோ ஆஸ்துமா.

அந்தப் பெட்டிகள் குறையட்டும் என்றுதான் தளத்தைத் தொடங்கினேன். அட்டைப்படங்கள், முதல் அத்தியாயங்கள், வாசகர் கடிதம் எழுத ஓர் இடம், எல்லாம் வைத்தேன். இரண்டு மாதம் காற்று வாங்கியது. ஒரு நாளைக்குப் பத்துப் பேர் வருவார்கள். அதில் ஒன்பது பேர் மச்சானே.

ஆசிரியர் குறிப்பில் பிறந்த ஆண்டு, மறைந்த ஆண்டு என்று இரண்டு கட்டங்கள் இருந்தன. பதிப்பு விவரத்தில் நடப்பு ஆண்டைப் போட்டுப் போட்டுப் பழகிய கை. இரண்டாவது கட்டத்திலும் போட்டுவிட்டது. மார்ச்சில் ஒருவர் பார்த்துவிட்டு இரங்கல் எழுதினார். அவர் நான்கு பேரிடம் சொல்லியிருப்பார் போல. அந்த வாரமே பதினெட்டுக் கடிதங்கள். நாவல்களும் நகர ஆரம்பித்தன.

மச்சான் எல்லாவற்றையும் படித்துவிட்டு வயிறு குலுங்கச் சிரித்தார்.

"மாப்பிள்ளை, நான் செத்துட்டேனாமே."

"எடுத்துடட்டுமா மச்சான்?"

"இருக்கட்டும், விடுங்க. இத்தனை வருஷம் உசுரோட இருந்து என்னத்தைக் கண்டேன்?"

அதனால் விட்டுவிட்டேன். இதை நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டும். விடச் சொன்னவர் அவர்தான்.

கடிதங்களுக்குப் பதில் எழுதுவது என் பொறுப்பானது. சும்மா நன்றி என்று எழுதினால் மரியாதையாக இருக்காது. அமைதியாகப் போனார், கடைசி நிமிடத்தில் என் கையைப் பிடித்திருந்தார் என்று எழுதினேன். ஒரு பள்ளி ஆசிரியை, உங்களைப் போல ஒரு மைத்துனர் யாருக்குக் கிடைப்பார் என்று எழுதியிருந்தார். அதைப் பல தடவை படித்தேன். வீட்டிலோ அச்சகத்திலோ என்னிடம் யாரும் அப்படிப் பேசியதில்லை. சந்தோஷமாக இருந்தது. அதில் மறைக்க என்ன இருக்கிறது.

டிசம்பரில் வாசகர்கள் சேர்ந்து ஜனவரிக்கு ஒரு நினைவுக் கூட்டம் ஏற்பாடு செய்தார்கள். என்னைப் பேசக் கூப்பிட்டார்கள். மச்சான் காதுக்கும் விஷயம் போயிற்று.

"நானே மேடையேறப் போறேன் மாப்பிள்ளை. அவங்க மூஞ்சி எப்படிப் போகுதுன்னு பாக்கணும்."

"வேண்டாம் மச்சான். அவங்களுக்குக் கஷ்டமா இருக்கும்."

"உங்களுக்கு இல்லையே?" என்றார். விளையாட்டாகத்தான் கேட்டார்.

நான் நிதானமாக யோசித்தேன். அந்தப் பக்கத்தில் வெறும் ஆண்டுதான் இருந்தது, மாதமோ தேதியோ கிடையாது. ஆண்டு முடிய ஒன்பது நாள் இருந்தது. அதற்குள் என்றால் பக்கம் சரியாகவே இருக்கும்.

மறுநாள் காலை மாடிக்குப் போனேன். மேசை மேல் இருந்த இன்ஹேலரை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன். கூட்டத்தில் கொடுக்க முதல் நாவலில் இருபது பிரதி வேண்டும் என்றேன். அது அடிப்பெட்டியில் இருந்தது, பிரித்தே பல வருடம் ஆகியிருக்கும். அவரே ஆசையாகக் குனிந்து இழுத்தார். தூசி பறந்தது. மூச்சு இழுக்க ஆரம்பித்ததும் மேசையைத் துழாவினார். பிறகு என் சட்டைப்பையைப் பார்த்தார். கை நீட்டினார். அந்தக் கையை நான் பிடித்துக்கொண்டேன். நேரம் கொஞ்சம் அதிகம்தான் ஆயிற்று. கடைசி வரை விடவில்லை, வாசகர்களுக்கு எழுதியபடியே.

கீழே வந்து என் மனைவியிடம் சொன்னேன். அவள் படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். ஆஸ்துமாக்காரர் என்பதால் டாக்டரும் துருவித் துருவிக் கேட்கவில்லை. இரங்கல் கடிதங்களை எல்லாம் அச்சடித்து, அவளுக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்று கொடுத்தவன் நான்தான். அவள் அதுவரை தளத்தைத் திறந்து பார்த்ததே இல்லை. எல்லாவற்றிலும் தேதி இருந்தது. அண்ணன் செத்ததோ டிசம்பர், முதல் கடிதமோ மார்ச். அவள் அதை அப்படியே உங்களிடம் கொண்டு வந்துவிட்டாள்.

ஓர் எண்ணை அழித்திருந்தால் போதுமே என்கிறீர்கள். போதும்தான். அரை நிமிட வேலை. ஆனால் அதற்குள் நூற்றுப் பதினேழு பேர் என் வார்த்தையை நம்பி அழுதிருந்தார்கள், சார். ஆளை ஏமாற்றுவது மட்டும் எனக்கு ஆகவே ஆகாது.