ஒரு நொடி நின்றால் போதும்

இரவு ஒன்றரை மணி. செவிலிமேட்டைத் தாண்டிப் பாலாற்றை ஒட்டிப் போகிற ரோடு. தெருவிளக்கு ஒன்றே ஒன்று... சிரிக்காமல் கேளுங்கள், நம் அந்தோணியின் அத்தை மகள் சுகாசினிக்கு நடந்தது இது.

அங்கேதான் அவள் தம்பி ஜோசுவாவை ஒரு மணல் லாரி அடித்துப் போட்டுவிட்டுப் போனது. நிற்கக்கூட இல்லை, பாவி. ஸ்டேஷனுக்கு நடந்து நடந்து அவளுக்குச் செருப்பு தேய்ந்ததுதான் மிச்சம். முகப்பு நசுங்கிய அந்த லாரி தினமும் அதே ரோட்டில் போகிறது, ஊரே பார்க்கிறது, ஒருத்தனும் வாயைத் திறக்கவில்லை.

"வாயால சொன்னா ஆச்சா? நசுங்கின எடமும் நம்பரும் தெரியிற மாதிரி போட்டோ குடும்மா." இருபது நாளாக ஏட்டய்யாவிடம் இதே பாட்டு.

சுகாசினி பட்டுக்கடையில் சேலைகளைப் படம் எடுத்து நெட்டில் போடுகிறவள். கடையின் சின்ன டிஜிட்டல் கேமராவைக் கேட்டு வாங்கி வந்தாள். முதல் ராத்திரி ஆத்திரத்தில் பிளாஷ் அடித்துவிட்டாள். சரிகையில் பிளாஷ் அடித்தால் வெளுத்துப் போகும், அவளுக்குத் தெரியாதா? நம்பர் பலகையும் அப்படியே வெள்ளையாகிப் போனது. தலையில் அடித்துக்கொண்டாள்.

அடுத்த ராத்திரி பிளாஷை அணைத்தாள். கை நடுங்கினால் படம் கலங்கும் என்று கேமராவை மதகுச் சுவர்மேல் வைத்தாள். இரண்டு நொடி டைமர். இருக்கிற வெளிச்சத்துக்கு கேமராவின் கண் ஒரு முழு நொடி திறந்திருந்தால்தான் நம்பர் எழுத்து விழும். அந்த ஒரு நொடி லாரி அசையாமல் நிற்க வேண்டும். அது எங்கே நிற்கும்? மனுஷன் மேல் ஏறியபோதே நிற்காதது!

வந்தது. விளக்கைப் போடாத திருட்டு வண்டி. டீசல் நாற்றம்... ஈர மணலிலிருந்து தண்ணீர் சொட்டும் சத்தம்... பொத்தானை அழுத்தினாள்.

கிரீச்...

லாரி நின்றுவிட்டது. ரோட்டில் ஈ காக்கை இல்லை. டிரைவர் தலையை வெளியே நீட்டிக் கத்தினான்.

"டேய்! வழிய வுட்றா! நவுருடா... சொல்றேன்ல!"

அவன் குரல் உடைந்துபோயிருந்தது. சுகாசினிக்குப் பயம் வரவில்லை. கத்தட்டும் நாய் என்றிருந்தது. கிளிக். இன்னொன்று. இன்னொன்று. லாரி பின்பக்கமாகவே போய், திருப்பிக்கொண்டு ஓடியது.

வீட்டில் பெரிதாக்கிப் பார்த்தாள். நசுங்கிய முகப்பு, நம்பர், எல்லாம் துல்லியம். முன்னால் வெறும் ரோடு.

விடிந்ததும் ஸ்டேஷனுக்குப் போய் ஏட்டய்யாவின் மேசைமேல் கேமராவை டக்கென்று வைத்தாள். அவர் பார்த்தார். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தார்.

"நம்பர் க்ளியரா இருக்குது. வண்டிய மறிச்சிக்கினு நிக்கிறானே, கோடு போட்ட சட்டை... அவனையும் சாட்சியா சேத்துக்கலாம்மா."

"யாரு சார்?"

"உங்கூட வந்தானே, அவன்தான். வெளிய பெஞ்சில குந்திக்கினு இருக்கிறான் பாரு."

ஜோசுவாவைப் புதைத்த அன்று அவள் கையால் போட்டுவிட்டது கோடு போட்ட சட்டைதான். சுகாசினி திரும்பிப் பார்க்கவில்லை. மேசையிலிருந்த பேனாவை எடுத்து அவர் கையில் திணித்தாள்.

"மொதல்ல நம்பரை எழுதுங்க சார்! நீங்க எழுதினாத்தான் அவன் எழுந்து போவான்."