இரண்டாவது பொட்டலம்

இப்போதெல்லாம் யாரும் எதையும் நம்புவதில்லை. என் பேத்தி யுவராணி பிஸ்கட் பாக்கெட்டைக்கூடத் திருப்பித் தேதி பார்த்துவிட்டுத்தான் பிரிக்கிறாள். இப்படிச் சந்தேகப்பட்டால் ஊர் எப்படி நடக்கும்? எங்கள் ஊர் நம்பிக்கையில்தான் நடந்துவந்தது. நடத்தியவன் நான்.

முதுகுளத்தூருக்குக் கிழக்கே எங்கள் ஊர். பஞ்சாயத்துத் தலைவர் பதவிக்கு இரண்டு பேர் ஆசைப்பட்டால், அய்யனார் முன்னால் பொட்டலம் போட்டுப் பார்ப்போம். ஒன்றில் திருநீறு, இன்னொன்றில் குங்குமம். பூவரச இலையில் மடித்து நூல் சுற்றி வைப்பது வழக்கம். எது எடுபடுகிறதோ, அதற்குரியவர் மட்டும் மனுப் போடுவார். மற்றவர் ஒதுங்கிக்கொள்வார். எடுபடாத பொட்டலத்தைப் பிரிக்காமல் ஊருணியில் எறிந்துவிட வேண்டும். சாமி வேண்டாம் என்றதை மனுஷன் பார்ப்பது தப்பு. பொட்டலம் கட்டுவது என் வேலை. பிரிக்கக் கூடாது என்ற விதியும் நான் சொன்னதுதான்.

இந்த முறை பதவி பெண்களுக்கு என்று வந்தது. என் மருமகள் துர்காதேவியை நிறுத்தினேன். எதிரே ராமலெட்சுமி. ஊருணி முழுக்க மண்டிக் கிடக்கும் சீமைக்கருவேலத்தை வேரோடு பிடுங்கித் தூர்வாருவேன் என்று வீடு வீடாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். முள்ளை எடுத்தால் தண்ணீர் நிற்குமாம். பெண்கள் தள்ளுவண்டியில் குடங்களை அடுக்கிக்கொண்டு பக்கத்து ஊருக்கு நடக்க வேண்டாமாம். அந்த முள்ளை வெட்டித்தான் நான் கரிமூட்டம் போட்டு விற்கிறேன். அதை அவள் யோசிக்கவில்லை.

அந்த நேரம் பார்த்து மதுரையிலிருந்து கோகிலா வந்தார். கல்லூரியில் அரசியல் பாடம் நடத்தும் பேராசிரியர். கிராமங்களில் ஜனநாயகம் எப்படி வேர்பிடிக்கிறது என்று புத்தகம் எழுதுகிறாராம். எங்கள் பக்கம் வேர்பிடிப்பது கருவேலம் ஒன்றுதான் என்றேன். அதையும் எழுதிக்கொண்டார்.

பொட்டலம் எடுக்கப் பொதுவான ஆள் வேண்டும்.

"டீச்சரம்மா எடுக்கட்டும். அவுகளுக்கு இங்கன யாரு மாமன், யாரு மச்சான்?" என்றேன்.

ஊருக்கு அது பிடித்துப்போயிற்று. கோகிலா கண்ணை மூடிக்கொண்டு ஒன்றை எடுத்தார். குங்குமம். அப்படியென்றால் துர்காதேவி. ராமலெட்சுமி அந்தக் குங்குமத்தையே தொட்டு நெற்றியில் வைத்துக்கொண்டு போனாள். மற்ற பொட்டலத்தை ஊருணிக்குள் வீசினேன்.

துர்காதேவி போட்டியில்லாமல் வந்துவிட்டாள் என்று அறிவித்த பிறகு, ஊருணிக் கரையில் ஊரைக் கூட்டி, தாம் எழுதியதைக் கோகிலா வாசித்தார். "தோற்றவர் தீர்ப்பை ஏற்பதுதான் ஜனநாயகத்தின் உயிர். அதை இந்த ஊரில் ராமலெட்சுமியிடம் கண்டேன்." எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது.

அப்போது முள்ளுக்குள்ளிருந்து என் வெள்ளாடு ஏறி வந்தது. வாயில் காய்ந்த பூவரச இலை, நூல் தொங்கியது. மூஞ்சியெல்லாம் சிவப்பு.

"டீச்சர், தோத்த பொட்டலத்துல திருநீறுல்ல இருக்கணும்?" என்றாள் ராமலெட்சுமி. "ஆட்டுக்கு யாரு குங்குமம் வச்சது?"

தண்ணீர் இருந்திருந்தால் பொட்டலம் முழுகியிருக்கும். என் கருவேலம் தண்ணீரையும் குடித்துவிட்டு, பொட்டலத்தையும் முள்ளில் மாட்டி வைத்திருக்கிறது. பிடுங்கவிடாமல் காத்து நின்றவனுக்குச் செய்கிற காரியமா?

"ரெண்டுலயும் குங்குமமா அய்யா?" என்றார் கோகிலா.

"ஆமா."

"முன்னாடியும் இப்படித்தானா?"

"முன்னாடி ஆடு வரல."

ஒளிக்க இதில் ஒன்றுமில்லை. சாமிக்கு ஆயிரம் ஜோலி. எது நல்லது என்று யோசித்துக் கட்டிவைக்க ஒரு ஆள் வேண்டும். ராமலெட்சுமி பள்ளிக்கூடம் முடித்தபோது, ராமநாதபுரத்தில் காலேஜில் சேர்க்கலாமா என்று அவளைப் பெத்த அய்யா பொட்டலம் கேட்டார். வேண்டாம் என்பதற்குத் திருநீறு. பொம்பளைப் பிள்ளை அம்புட்டுத் தூரம் பஸ்ஸில் அலைவானேன் என்று இரண்டிலும் அதையே வைத்தேன். பிள்ளை அழுதது. சாமி சொன்னது என்றதும் அடங்கிவிட்டது. நான் சொல்லியிருந்தால் அடங்கியிருக்குமா? இதையும் அங்கேயே சொன்னேன். புத்தகத்துக்கு உதவுமே.

ராமலெட்சுமி நெற்றியைத் தடவிக்கொண்டு என்னையே பார்த்தாள்.

துர்காதேவிதான் முதலில் வாயைத் திறந்தாள். "மாமா, நானுந்தான் தண்ணி வண்டி தள்ளுறேன். அது ஒங்க கண்ணுக்குத் தெரியலயா? நான் உக்காந்ததும் மொத வேல இந்த முள்ளப் பிடுங்குறதுதான். ராமலெட்சுமி மைனி பக்கத்துல நின்னு வேல வாங்கட்டும்."

குங்குமம் வைத்துப் பதவிக்குக் கொண்டுவந்தவனுக்கு இந்த மரியாதை.

கோகிலா தாள்களை மடித்துப் பைக்குள் வைத்தார். "இனிமே பெட்டி வச்சு ஓட்டே போடுங்கய்யா."

"பூட்டுன பெட்டிக்குள்ள என்ன கெடக்குன்னு யாருக்குத் தெரியும் டீச்சரம்மா? பொட்டலம்னா ஒரு ஆளுக்காச்சும் தெரியும்ல."

துண்டால் ஆட்டின் மூஞ்சியைத் துடைத்துவிட்டு, காதைப் பிடித்து இழுத்துக்கொண்டு நடந்தேன். பின்னால் எல்லோரும் ஒரே நேரத்தில் பேசத் தொடங்கினார்கள். சாமி மேலேயே நம்பிக்கை இல்லாத ஜனங்கள்.