சிவப்பில் இருந்திருந்தால்

ஸ்ரீரங்கத்திலிருந்து பஸ்ஸில் வரும்போது ஜன்னலோர சீட்டு கிடைத்தால் எனக்குப் போதும், இன்ஸ்பெக்டர் சார். வேறு ஆடம்பரம் எதுவும் பழக்கமில்லை.

மருத்துவமனையின் லினக்ஸ் சர்வர்களைப் பார்த்துக்கொள்வது என் வேலை. மென்பொருள் எதையாவது ஏற்ற வேண்டுமானால் கறுப்புத் திரையில் ஒரு கட்டளை தட்டுவோம். எதெல்லாம் ஏறும், ஒத்துவராமல் எதெல்லாம் நீக்கப்படும் என்று காட்டிவிட்டு, சம்மதமா என்று கேட்கும். ஒரு எழுத்தைத் தட்டினால் முடிந்தது.

என்னோடு வேலை பார்த்த ஹாஜிராவுக்கு அது அழகாக வேறு இருக்க வேண்டுமாம். ஏதோ புது நிரலைப் போட்டு, ஏறுவது பச்சை, நீங்குவது சிவப்பு என்று கட்டம் கட்டமாக அடுக்கி வைத்திருந்தார். மார்கழிக் கோலத்துக்கு உத்தர வீதியில் கலர்ப்பொடி தூவட்டும், நான் ஏன் கேட்கப் போகிறேன்? சர்வருக்கு எதற்கு ஒப்பனை? மேனேஜர் அதைப் பார்த்துவிட்டு, "இப்பத்தாங்க எனக்கே புரியுது" என்றார். அவருக்கே புரிந்துவிட்டால் அப்புறம் அது என்ன தொழில்? எனக்கு வயிறு எரிந்தது, மறைப்பதற்கில்லை.

அந்த நிரலைத் தூக்கினேன். வண்ணத்தையும் அணைத்தேன். பழையபடி ஒரே சாம்பல் எழுத்து, ஒன்றோடொன்று இடித்துக்கொண்டு நிற்கும் பெயர்கள்.

மறுநாள் மதியம் தீவிர சிகிச்சைப் பிரிவின் சர்வரைப் புதுப்பிக்க ஹாஜிரா உட்கார்ந்தார். நான் பின்னால் நின்றிருந்தேன்.

"எது வருது, எது போகுதுன்னே தெரியலைங்க சார். சிவப்பா இருந்தா கண்ணுல படும்."

"படிக்கத் தெரிஞ்சவங்களுக்குக் கலர் எதுக்கும்மா? நான் பாத்துட்டேன், தட்டுங்க."

தட்டினார். நோயாளிக்கு மூச்சு தடுமாறினால் நர்ஸ் மேசையில் மணி அடிக்க வைக்கும் மென்பொருள் அதோடு போயிற்று. பச்சைமலையிலிருந்து வந்து படுத்திருந்த வீராயி என்ற அம்மாவுக்கு அன்று சாயங்காலம் மூச்சு திணறியது. மணி அடிக்கவில்லை. மகன் வெளியே பெஞ்சில்தான் உட்கார்ந்திருந்தார். நர்ஸ் போய்ப் பார்த்தபோது உயிர் இல்லை.

கவனக்குறைவு என்று ஹாஜிராவை சஸ்பெண்ட் செய்தார்கள். அதற்கெல்லாம் நான் வாய் திறக்கவில்லை. ஆனால் அவருடைய வக்கீல், அந்தச் சாம்பல் எழுத்துக் குவியலில் யாராலும் அதைக் கண்டுபிடித்திருக்க முடியாது என்று எழுதிக் கொடுத்திருக்கிறாராம். அதைக் கேட்ட பிறகுதான் நானாகவே இங்கே வந்தேன். அது அபாண்டம், சார். அந்த மென்பொருளின் பெயர் நீங்குபவற்றின் பட்டியலில், கடைசிக்கு முந்தின வரியில், நடுவில் இருந்தது. தட்டச் சொல்வதற்கு முன்பே, முதல் பார்வையிலேயே நான் படித்துவிட்டேன். எழுத்தில் ஒரு குறையும் இல்லை. அப்படியே எழுதிக்கொள்ளுங்கள்.